வாக்குத்தத்த அட்டையை வைத்து வருஷம் முழுக்க ஜெபிப்பது எப்படி

டிசம்பர் 31 ராத்திரி சபையில் புதுவருஷத்தை வரவேற்கும் வாட்ச் நைட் ஆராதனை முடிவதற்குள் மணி ஒன்று ஆகிவிடும். தூங்கி விழும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நின்று, தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருக்கும், ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, வெளியே வேப்பமரத்தடி டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்போம். "உனக்கு என்ன வந்துச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொள்வோம். யாருக்காவது "வாலாக்காமல் தலையாக்குவார்" வந்திருந்தால் கேட்கவே வேண்டாம், முகத்திலேயே தெரிந்துவிடும். காலையில் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். வீட்டில் கேக் தீர்வதற்குள் வசனம் மறந்துபோகும், அட்டை வேதாகமத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்த அட்டையை வைத்துக்கொண்டு மிச்சமுள்ள பன்னிரண்டு மாதம் என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இது. நான் ஐயரும் (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) இல்லை, பாஸ்டரும் இல்லை. நாசரேத் பக்கத்துக் குடும்பம், தாம்பரத்தில் வாடகை வீடு, அம்மா எங்களோடு இருக்கிறார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். இதைச் செய்ய எனக்கிருக்கும் ஒரே தகுதி, பல வருஷம் தப்பாகச் செய்தவன் என்பது.

2019 வாட்ச் நைட்டில் எனக்கு வந்தது எரேமியா 29:11, அதாவது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29-ம் அதிகாரம், 11-ம் வசனம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று ஆரம்பித்து, தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று முடியும் வசனம். பின்னணிப் படமாகச் சூரிய உதயம், ஒரு புறா. அடுத்து வந்த 2020 எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மே மாதம் வேலை பார்த்த இடத்தில் எங்கள் டீமையே கலைத்தார்கள், பதினொரு நிமிஷ வீடியோ காலில் முடிந்துவிட்டது. ஆகஸ்டில் தாய்மாமா இறந்தார், அடக்கத்துக்குக்கூட ஊருக்குப் போக முடியவில்லை. அட்டை என் போன் கவருக்குள் இருந்தது. ஒரு நாள் ராத்திரி கோபத்தில் அதை உருவிக் கிழிக்கப் பார்த்தேன். லேமினேட் செய்த அட்டை, கிழியவில்லை. சரி, இதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று முதல்தடவையாக அந்த அதிகாரத்தை ஒன்றாம் வசனத்திலிருந்து படித்தேன்.

அக்கம்பக்கத்து வசனங்கள்

முதல் வேலை இதுதான், இதை விட்டுவிட்டு மற்றதைச் செய்து பிரயோஜனமில்லை. அட்டையில் இருக்கும் வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறதோ அதை முழுசாக, முடிந்தால் முந்தின அதிகாரத்தையும் சேர்த்து, ஜனவரி முதல் வாரத்துக்குள் ஒரு தடவை சத்தமாகப் படித்துவிடுங்கள். வேதத்தை எழுதினவர்கள் யாரும் வசன எண் போட்டு எழுதவில்லை. புதிய ஏற்பாட்டுக்கு நாம் இன்று பயன்படுத்தும் வசன எண்களைப் போட்டது ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர், அதுவும் 1551-ல். தேடுவதற்கு வசதியாகப் போட்ட எண் அது. அந்தக் கோட்டிலேயே கத்தரித்து அட்டையில் ஒட்டுவதற்குப் போட்டதில்லை.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜாவான நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் ராஜாத்தியையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். போனவர்களுக்கு மனதில் ஒரே கேள்வி, எப்போது ஊருக்குத் திரும்புவோம்? முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் நின்று இரண்டே வருஷம் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். கூட்டத்துக்கு எவ்வளவு பிடித்திருக்கும் யோசித்துப் பாருங்கள். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. நம் 11-ம் வசனத்துக்கு நேர் மேலே, 10-ம் வசனத்தில் அது இருக்கிறது. எழுபது வருஷம் என்றால், கடிதத்தை வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரர் ஊர் திரும்பப்போவதில்லை. அவர் பேரப்பிள்ளைகள் திரும்பலாம். என் போன் கவருக்குள் இத்தனை மாதம் இருந்த சூரிய உதயத்துக்குப் பின்னால் இந்தச் செய்தி இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்கலாம், தமிழ் வாசகருக்கு இது சுலபம். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆண்டவர் ஒரு ஆளிடம் பேசினால் "நீ", "உன்" என்றுதான் வரும், மரியாதைக்காக "நீங்கள்" போடுவதில்லை. அதனால் அட்டையில் "உங்கள்பேரில்" என்று இருந்தால் அது ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. நான் அதை எனக்கும் என் அப்ரைசலுக்குமாகப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சூத்திரம் எல்லா இடத்திலும் செல்லாது. வேதாகமத்தின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்தில் பல இடங்களில் முழு இஸ்ரவேலையும் ஒரே ஆளைக் கூப்பிடுவதுபோல "நீ" என்றே கூப்பிடுகிறார். ஆனாலும் பேனாவை எடுத்து நீ, நீங்கள் இரண்டையும் வட்டமிட்டுக்கொண்டு படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை முதலில் கேட்டவர்கள் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்திருப்பார்கள்? பாபிலோன்காரர்களுக்குப் பதில் கடிதத்திலேயே இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், பிடித்துக்கொண்டு வந்தவனுடைய பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" (29:7). அதாவது வாக்குத்தத்தத்தோடு ஒரு வேலையும் சேர்ந்து வந்திருக்கிறது. உங்கள் அட்டையிலும் அநேகமாக இருக்கும், நாலைந்து வசனம் தள்ளி.

தலையும் வாலும்

நம் ஊரில் அதிகம் ஓடும் வசனம் என்பதால் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உபாகமம் 28:13. ஆட்டோவின் பின்கண்ணாடியில், கடை போர்டில், திறப்பு விழா அழைப்பிதழில் எங்கும் இருக்கிறது. அதே வசனத்தில் "கட்டளைகளைக் கைக்கொள்ள" என்றும் இருக்கிறது, அட்டைக்காரர்கள் இடம் போதாமல் அதை விட்டுவிடுகிறார்கள். அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14-ம் வசனத்தோடு முடிகிறது. 15-லிருந்து 68 வரை சாபம். 44-ம் வசனத்தில் தலையும் வாலும் இடம் மாறி வருகிறது, அவன் உனக்குத் தலையாயிருப்பான் என்று. அதை எந்த ஆட்டோவிலும் நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்படவுமில்லை.

சரி, எந்தக் கட்டளைகள்? நாலு அதிகாரம் பின்னால் போங்கள். 24:14, 15-ல் கூலிக்காரனை ஒடுக்காதே, அன்றைய கூலியைப் பொழுது போவதற்குள் கொடுத்துவிடு, அவன் அதையே நம்பியிருக்கிறான், கொடுக்காவிட்டால் அவன் கர்த்தரிடம் முறையிடுவான், அது உனக்குப் பாவம் என்று இருக்கிறது. 22:8-ல் புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்துவிடப்போகிறார்கள் என்று இருக்கிறது. இந்த அட்டை ஒரு வருஷம் என் மனைவிக்கு வந்தது. எல்லாவற்றையும் படித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு நாம எந்தத் தேதியில சம்பளம் கொடுக்கிறோம்?" கொடுத்துக்கொண்டிருந்தது 7-ம் தேதி, 8-ம் தேதி. சில மாதம் 10 ஆகும், சில்லறை இல்லை என்போம். எனக்குக் கம்பெனியில் 30-ம் தேதியே வந்துவிடும். அந்த ஜனவரியிலிருந்து ஒன்றாம் தேதி காலையில் காப்பி போடும் முன்பு அக்காவுக்குப் பணம் போகிறது. தலையானோமா வாலானோமா தெரியாது, 28:13-ஐ நாங்கள் ஜெபமாகச் சொன்ன வருஷம் அதுதான்.

இதேபோல, பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கும் பிலிப்பியர் 4:13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு". பவுல் அப்போஸ்தலன் அதைச் சிறையில் கட்டப்பட்ட நிலையில் எழுதுகிறார். மேலே 12-ம் வசனத்தில் அவர் பட்டியலிடும் "எல்லாம்" என்னவென்றால் திருப்தியும் பட்டினியும், நிறைவும் குறைவும். நீட் எழுதும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் மார்க் குறைந்தாலும் இதே வசனம்தான் என்று முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள். ரிசல்ட் வந்தபிறகு சொன்னால் அது சமாதானப்படுத்துவதுபோலத்தான் கேட்கும்.

துணைக்கு ஒரு வசனம்

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சகோதரர் சபையார் 1731 முதல் வருஷம் தவறாமல் தினவசனப் புத்தகம் அச்சிடுகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனம் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கப்படுகிறது, நாம் தாம்பாளத்தில் எடுப்பதைப் போல. ஆனால் அதோடு விட்டுவிடுவதில்லை. அந்த வசனத்துக்குப் பொருத்தமான ஒரு புதிய ஏற்பாட்டு வசனத்தை உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறார்கள், கூட ஒரு பாட்டோ ஜெபமோ இருக்கும். இதே சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள் என்பது கொசுறுத் தகவல்.

இந்த வழக்கத்தை வீட்டில் காப்பியடிக்கலாம். குலுக்கலில் வந்தது ஒன்று, நீங்கள் தேடிச் சேர்ப்பது ஒன்று. தேடும்போது அட்டை வசனத்துக்கு ஜால்ரா போடுகிற வசனத்தை எடுக்காதீர்கள், கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற வசனமாக எடுங்கள். யாருக்காவது ஆண்டவர் காப்பார் என்று சொல்லும் 91-ம் சங்கீதம் வந்திருந்தால், "உன் பாதம் கல்லில் இடறாதபடிக்கு" என்ற வரி மத்தேயு 4-ல் யார் வாயில் வருகிறது என்று பாருங்கள். பிசாசு அதை மேற்கோள் காட்டித்தான் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து கீழே குதிக்கச் சொல்கிறான். வாக்குத்தத்தம் சரி, அதை வைத்துக் கடவுளைச் சோதிக்காதே என்பது இயேசுவின் பதில். இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் 91-ஐச் சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டும் போடலாம்.

உட்கார்ந்து ஜெபிக்கிற நேரம்

எங்கள் வீட்டில் ஒன்பதரை மணி. சீரியல் முடிகிற நேரம், ஏனென்றால் அம்மாவின் சீரியலோடு சண்டை போட்டு எந்தக் குடும்ப ஜெபமும் ஜெயித்ததில்லை. போன்களைச் சமையலறை ஷெல்பில் சீரக டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வரவேண்டும். இதைச் சட்டமாகப் போடாதீர்கள், பிள்ளைகள் ஒரே நாளில் முறித்துவிடுவார்கள். பாபிலோனுக்குப் பிடிபட்டுப் போன பையன் தானியேல் எப்படிக் கேட்டான் பாருங்கள். ராஜாவின் சாப்பாடு வேண்டாம் என்று தட்டைத் தள்ளவில்லை. பத்து நாள் பருப்பும் மரக்கறியும் கொடுத்துச் சோதித்துப் பாரும் என்று அந்த விசாரிப்புக்காரனிடம் பணிவாகத்தான் கேட்டான். நாங்களும் பத்து நாள் என்றுதான் ஆரம்பித்தோம். பதினோராம் நாள் என் மகள்தான் என் போனைப் பிடுங்கிக்கொண்டு போய் ஷெல்பில் வைத்தாள்.

பைபிளை ஆப்பில் படிக்கலாமா என்று கேட்பார்கள். படிக்கலாம், பஸ்ஸில் நான் அதில்தான் படிக்கிறேன். வீட்டில் மட்டும் அச்சுப் புத்தகம் நல்லது. ஆப்பில் வசனம் தேடினால் அந்த வசனம் மட்டும் வந்து நிற்கும். புத்தகத்தில் கண் தானாகவே மேலேயும் கீழேயும் போகும்.

அப்புறம், பத்து நிமிஷம். அட்டை வசனத்தைச் சுற்றியுள்ள ஒரு பத்தி, ஒரு பாட்டு, ஜெபம். அம்மா ஜெபித்தால் இருபது நிமிஷம் ஆகும், ஆதாமில் ஆரம்பிப்பார், அதற்கு நான் மருந்து சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விதி வைத்தோம்: ஆளுக்கு ஒரு வாக்கியம், அதில் ஒரு ஆளின் பெயரோ ஒரு இடத்தின் பெயரோ கட்டாயம் இருக்கவேண்டும். "எல்லாரையும் ஆசீர்வதியும்" கூடாது. இரண்டு வாரம் திணறினார்கள். மூன்றாவது வாரம் சின்னவன் சொன்னான், "ஆண்டவரே, எங்க வேன் அங்கிளுக்குக் கால்ல வீக்கம், அவர் கிளச் மிதிக்கும்போது வலிக்குது." நான் அந்த வேனில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு மூன்று வருஷமாகக் கையாட்டிக்கொண்டிருந்தேன், காலைப் பார்த்ததில்லை.

பட்டணத்தின் சமாதானம்

பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொன்ன எரேமியா 29:7 வாரம் ஒரு நாளுக்கு. எங்களுக்கு வெள்ளிக்கிழமை. அன்று வீட்டு விஷயம் எதுவும் கிடையாது, தெருவும் ஊரும் மட்டும். இதற்கு ஒரு தாள் எடுத்து தெருவின் படத்தைக் கோணல்மாணலாக வரைந்துகொள்ளுங்கள். இஸ்திரிக் கடை, மழைக்குத் தண்ணீர் நிற்கும் முனை, பிள்ளையார் கோவில், பாய் கடை, குப்பை வண்டி வரும் நேரம், யார் வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார். நாங்கள் முதல்தடவை வரைந்தபோது எதிர்வரிசையில் இரண்டு வீட்டுக்காரர்களின் பெயர் தெரியவில்லை. ஜெபத்தை அப்படியே நிறுத்திவிட்டு, பெயரைக் கேட்டுவர ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன்.

எங்கள் பாட்டி காலத்தில் உலகம் என்றால் விலகி நிற்கவேண்டிய இடம். சினிமா கூடாது, கொலுப் பொம்மையை எட்டிப் பார்க்கக்கூடாது. அந்தப் பயத்தில் ஒரு நேர்மை இருந்தது, அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இப்போது நாம் அந்தப் பக்கமே இல்லை. படம், ரீல்ஸ், ஐபிஎல் எல்லாவற்றிலும் மற்றவர்களைப் போலவே இருந்துவிட்டு, ஸ்டேட்டஸில் மட்டும் வசனம் போடுகிறோம். தானியேல் கல்தேயரின் (பாபிலோன்காரர்களின்) எழுத்தையும் பாஷையையும் படித்தான், பெல்தெஷாத்சார் என்ற அவர்கள் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான், அரண்மனை வேலையை ஒழுங்காகப் பார்த்தான். அதே ஆள் எருசலேமுக்கு நேரான ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு நாளைக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டான். இதில் எதை விட்டாலும் அவன் கதை நிற்காது. அதனால், நீங்கள் பார்க்கிற படத்தைப் பார்க்கலாமா கூடாதா என்று என்னிடம் கேட்காதீர்கள். பார்த்துவிட்டு வந்த ராத்திரி அதைப்பற்றி ஆண்டவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடிகிறதா என்று முயன்று பாருங்கள். எனக்குச் சில படங்களுக்கு முடிந்திருக்கிறது, அதில் ஒன்றிரண்டு வேதபாடப் படங்களைவிட நன்றாகவே முடிந்தது. சிலவற்றுக்கு வாயே வரவில்லை.

இங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாகவேண்டும். எங்கள் மாடியில் இருக்கும் ஒரு அக்காவுக்கு மார்பில் கட்டி, ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று என் மனைவியிடம் மாடிப்படியில் நின்று சொன்னார். நான் நல்ல எண்ணத்தோடு அதைச் சபை ஜெபக் குழுவில் பெயர் போட்டு எழுதிவிட்டேன். 140 பேர் உள்ள குழு. சாயங்காலத்துக்குள் யாரோ எப்படியோ நம்பர் வாங்கி அவரைக் கூப்பிட்டு, "பயப்படாதீங்க சகோதரி, ஆண்டவர் சுகம் தருவார்" என்று ஆரம்பித்திருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்கே அதுவரை விஷயம் தெரியாது. ஒன்றரை மாதம் அந்த அக்கா எங்களைப் பார்த்தால் படியேறிப் போய்விடுவார். மன்னிப்புக் கேட்கப் போனபோது கதவைப் பாதி திறந்தபடி, "சாமி கும்பிடுறதுன்னா நீங்க கும்பிட வேண்டியதுதானே தம்பி, எதுக்கு ஊருக்குச் சொல்றீங்க?" என்றார். உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்கிற மத்தேயு 6:6-க்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

ஆக, அடுத்தவருக்காக ஜெபிக்கும்போது: அவரைக் கேட்காமல் பெயரை வெளியே சொல்லாதீர்கள். கேட்கிறபோது சபையார் மாதிரிப் பேசாமல், "உங்களுக்காக வீட்டில் வேண்டிக்கிடலாமாக்கா?" என்று கேளுங்கள். நான் கேட்டதில் யாரும் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை, எந்தச் சாமி என்றும் கேட்டதில்லை. ஜெபித்ததைவைத்து அவரைச் சபைக்கு இழுக்கும் கணக்குப் போடாதீர்கள், அது உடனே தெரிந்துவிடும், முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். ஸ்கேன் அன்று ஆட்டோ வேண்டுமா என்று கேட்பதும் அதே ஜெபத்தில் சேர்த்திதான்.

பார்வேர்டுகள், தீர்க்கதரிசனங்கள்

"அவசர ஜெபம்! ஆப்கானிஸ்தானில் மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை! உடனே பகிரவும்!" இது பத்து வருஷத்துக்கும் மேலாகச் சுற்றுகிற பொய். எண்ணிக்கை சில சமயம் 22, சில சமயம் 229. "நாளை" என்பது மட்டும் மாறுவதேயில்லை. இப்படி வந்தால் நாள், ஊர், சொன்னது யார் என்று மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பகிராதீர்கள். உண்மையாகவே துன்பப்படுகிற சபைகள் உலகத்தில் உண்டு, பொய்ச்செய்தி நம்மை அவர்களுக்காக ஜெபிக்க முடியாதபடி மரத்துப்போக வைத்துவிடும். அனுப்பினது பெரியவர் என்றால் குழுவில் மறுத்து எழுதாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். "சித்தப்பா, இது பழைய மெசேஜாம்" என்றால் போதும்.

டிசம்பர் கடைசியில் யூடியூபில் வரும் புதுவருஷத் தீர்க்கதரிசனங்களுக்கு என் மருந்து எரேமியா 28. இரண்டே வருஷம் என்று அனனியா சொன்னதும் எரேமியா கத்தவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, நடக்கட்டும் என்றுதான் அவருக்கும் ஆசை. அப்புறம், சமாதானம் சொல்லுகிற தீர்க்கதரிசியை அது நடக்கும்போதுதான் அறியலாம் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறார். நீங்களும் அப்படியே, யார் என்ன சொன்னார் என்று தேதியோடு எழுதி வையுங்கள், அடுத்த டிசம்பரில் எடுத்துப் பாருங்கள். அதற்குமேல் வாக்குவாதம் தேவைப்படாது.

ஒன்றும் நடக்காதபோது

ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வரும் இது. வசனம் அப்படியே இருக்கும், நிலைமையும் அப்படியே இருக்கும். அப்போது அட்டையைப் பார்த்து "விசுவாசிக்கிறேன், விசுவாசிக்கிறேன்" என்று குரலை உயர்த்திக்கொண்டே போகாதீர்கள். நான் போயிருக்கிறேன், தொண்டைதான் கட்டியது. சங்கீதம் 13-ஐ எடுத்து, "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று அவரையே கேளுங்கள். இன்னும் மோசமான நாளுக்கு 88 இருக்கிறது. கடைசிவரை ஆறுதலுக்குத் திரும்பாத சங்கீதம், அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். தாய்மாமா இறந்த வாரம் அதைத்தான் படித்தேன். அம்மா பக்கத்தில் இருந்தார். பாதியில் எனக்குக் குரல் போனதும், "எய்யா, நிப்பாட்டாத, முழுசா வாசி" என்றார். தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். முடித்ததும் ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்துபோய் இட்லிக்கு ஊறப்போட்டார்.

அந்த வாரத்துக்கு அப்புறம் தானியேல் 9 படியுங்கள். வயதான தானியேல் எரேமியாவின் புத்தகத்தில் அதே எழுபது வருஷத்தைப் படிக்கிறான். நம்மைப்போல அட்டை கையில் வந்தவன் அவன். நாள் கணக்குப் பார்த்து, முடியப்போகிறது என்று ஸ்டேட்டஸ் போடாமல் உபவாசமிருந்து, "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்று ஜெபிக்க ஆரம்பிக்கிறான். பிடிபட்டு வந்தபோது பையனாக இருந்தவன், அப்பன் பாட்டன் செய்ததையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு பேசுகிறான். வாக்குத்தத்தத்தை எப்படி ஜெபிப்பது என்பதற்கு வேதத்திலேயே இருக்கும் செய்முறை இது. நான் எழுதினது பூராவும் இதைத் தாம்பரத்துக்கு மாற்றிப் பார்த்ததுதான்.

அட்டையின் பின்பக்கம்

கடைசி வேலை சின்னது. மாதக் கடைசியில் ஒரு வரி, தேதியோடு, அட்டையின் பின்னால் எழுதுங்கள். நடந்தது, நடக்காதது, யாருக்காக ஜெபித்தோம், எது புரியவில்லை, எதுவானாலும். அழகாக எழுதவேண்டாம், சாட்சி சொல்கிற தொனியும் வேண்டாம்.

இதை நான் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அவர் பழைய அட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். அதில் 1994 அட்டை வாலாக்காமல் தலையாக்குவார். பின்னால் பென்சிலில், கடைப் பாக்கி 1,340 என்று எழுதி, கீழே 900, அதற்குக் கீழே 1,150 (ஏறியிருக்கிறது), அப்புறம் 600. டிசம்பரில் பாக்கி எவ்வளவு என்று எழுதவில்லை, "அண்ணாச்சி பிள்ளைக்கு டைபாய்டு, ஜெபிக்கணும்" என்று இருக்கிறது. பாக்கி தீர்ந்ததா என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றார், ஆனால் அந்தப் பிள்ளை இப்போது கோவில்பட்டியில் டீச்சராக இருக்கிறாளாம்.

லேமினேட் செய்த அட்டை என்றால் பேனா ஓடாது. பின்னால் ஒரு வெள்ளைத்தாளை வெட்டி நாலு மூலையிலும் செல்லோடேப் போட்டுக்கொள்ளுங்கள். பென்சிலில் எழுதுங்கள், மை கசிந்துவிடும்.